ரப்பர் வளையத்தை முதலில் நடுவில் அழுத்தியது யார்

காலை டீ முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது லைன் நின்றிருந்தது. மெஷின் பழுதானால் சிவப்பு விளக்கு எரியும், சாமான் தீர்ந்துபோனால் மஞ்சள் எரியும். அன்றைக்கு எந்த விளக்கும் எரியவில்லை. பெல்ட்டின் மேல் பாதி முடிந்த போன்கள் அப்படியே கிடந்தன.

எங்கள் சூப்பர்வைசர் குன்றத்தூர்க்காரர். எதற்கும் பதறாத மனுஷர். அன்று மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணிலேயே கலவரம் இருந்தது.

“யாரும் எதையும் தொடாதீங்கமா. கோர்ட்லேர்ந்து ஆளுங்க வந்துகினு கீறாங்க.”

“கோர்ட்லேர்ந்தா? எதுக்கு சார்?”

“எனக்கு இன்னா தெரியும்? பேட்டன்ட் கேஸாம். நம்ம போன்ல அவுங்களுது ஏதோ கீதாம்.”

“அவுங்கன்னா யாரு?”

அவர் கிழக்குச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தச் சுவருக்கு அப்பால் லாரிகள் நிற்கும் பொட்டல், அதற்கடுத்து ஒரு குடோன், அதையும் தாண்டினால் அவர் சொன்ன கம்பெனி. அங்கேயும் போன்தான் செய்கிறார்கள். என்னோடு ஒரே அறையில் இருக்கும் தோழி அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள்.

இரண்டு கம்பெனியின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். கோவில்பட்டிப் பக்கம் ஊர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த வருஷமே இங்கே வந்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் அறை, ஷிப்டுக்குக் கம்பெனி பஸ். வேலை ரீவொர்க் மேசையில். சோதனையில் தோற்ற போன்கள் என்னிடம் வரும். திறந்து, எங்கே தப்பு என்று பார்த்து, சரிசெய்து மூட வேண்டும். ஒரு போனை எங்கள் லைனில் என்னைவிட வேகமாகத் திறக்கிறவர்கள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கே அதைச் சுற்றித்தான்.

போனின் அடியில் ஸ்பீக்கரின் வாய் இருக்கும். அதைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சேமியா தடிமனில் ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றி அழுத்திக்கொண்டே வா என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று மூலை அடங்கிவிடும். நான்காவது மூலைக்கு வரும்போது முதல் மூலை துள்ளி வெளியே வந்துவிடும். கவனிக்காமல் மூடினால் வளையம் நசுங்கும், காற்றழுத்தச் சோதனையில் போன் தோற்கும், என் மேசைக்கு வரும்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரம், பசி, எரிச்சல். ட்வீசரின் இரண்டு முனையையும் விரித்துப் பிடித்து, வளையத்தின் நீளப் பக்கம் இரண்டையும் நட்ட நடுவில் ஒரே நேரத்தில் அழுத்தினேன். அப்புறம் விரலால் ஒரு தடவு. நாலு மூலையும் தாமாக அடங்கிவிட்டன. இன்னொரு போனில் செய்து பார்த்தேன். அதுவும் அடங்கியது. அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கடைசியாகப் போனது நான்தான்.

கான்டீன் வாசலில் ஆலோசனைப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு அட்டையில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நடுவில் முதலில் என்று எழுதிப் போட்டேன். அடுத்த மாதம் எல்லோரையும் கூட்டிக் கைதட்டச் சொல்லி எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அதற்கப்புறம் புது மாடல் வந்தபோது, பள்ளத்தின் நடுவில் இரு பக்கமும் ஒரு குட்டிக் குழி இருந்தது. வளையத்தில் அதற்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு மொட்டு. மொட்டைக் குழியில் வைத்து அழுத்தினால் மீதி தானே உட்கார்ந்துவிடும். “உன் அட்டைய பாத்துட்டுதான் டிசைன்ல வெச்சாங்க” என்று சூப்பர்வைசர் சொன்னார். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒன்றும் புரியாமலே சந்தோஷப்பட்டாள்.

கோர்ட் நியமித்த கமிஷனர் ஒரு பெண் வக்கீல். முப்பது வயதுக்குமேல் இருக்காது. அவரோடு எதிர்க் கம்பெனி வக்கீல், அவர்களுடைய என்ஜினியர், வீடியோ எடுக்க ஒருவர். எங்கள் பக்கமும் ஒரு வக்கீல் காரில் வந்து சேர்ந்தார், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. எல்லோருக்கும் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, கறுப்புக் கோட்டுக்கு மேலே எங்கள் நீலக் கோட்டு மாட்டிவிட்டோம். எதிர்க் கம்பெனி வக்கீலுக்கு எந்தக் கோட்டும் பொத்தான் பூட்டவில்லை. ஏ.சி. ஹாலிலேயே அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

பெல்ட்டிலிருந்து ஐந்து போன்களைக் கமிஷனரே கைகாட்டி எடுத்தார். திறந்து காட்ட ஆள் வேண்டும் என்றார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

கேமரா என் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்மூடியைச் சூடாக்கி, பசையை இளக்கி, எடுத்து வைத்தேன். பாட்டரி, போர்டு, ஸ்பீக்கர் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. இத்தனை நாளில் என் வேலையை இவ்வளவு பேர் மூச்சுவிடாமல் பார்த்ததில்லை. எதிர்க் கம்பெனி என்ஜினியர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வேறு எதையுமே பார்க்கவில்லை. நேராக ஸ்பீக்கர் வாய்க்குப் போனார். குழியைக் காட்டினார். அளவு எடுத்தார்கள்.

கமிஷனர் என்னிடம் கேட்டார்: “இந்த ரிங்கை எப்படி ஃபிட் பண்ணுவீங்க? செஞ்சு காட்டுங்க.”

செய்து காட்டினேன்.

“ஏன் நடுவுல முதல்ல?”

“அப்படி வச்சாத்தான் மேடம் மூலை துள்ளாது. அது நான் சொன்ன ஐடியாதான்.”

சொன்ன மறு நொடியே எங்கள் வக்கீல் இருமினார். எதிர் வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கமிஷனர் மட்டும் முகம் மாறாமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா” என்றார் எங்கள் வக்கீல், கோபமில்லாமல்.

ஐந்து போனையும் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். அரக்கை உருக்க மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். எங்கள் ஹாலில் நெருப்பு கூடாது. கடைசியில் எல்லோரும் கான்டீனுக்குப் போய், சாம்பார் வாளிகளுக்குப் பக்கத்து மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி, கோர்ட் முத்திரை வைத்தார்கள். இவ்வளவு நுணுக்கமான சாமானுக்கு இவ்வளவு பழைய பூட்டா என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனேன்.

“அந்த ஐடியா உங்களுக்கு எப்படி வந்தது?”

“வேலை செய்யும்போது வந்துச்சு சார்.”

“உங்க ரூம்ல தங்கியிருக்கறவங்க எங்க வேலை பாக்கறாங்க?”

அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்கள். சொன்னேன். எச்.ஆர். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, “அவங்க எப்பவாச்சும் இத பத்தி உங்ககிட்ட பேசினாங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க” என்றார்.

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. நாங்கள் இருவரும் அறையில் பேசாத பேச்சா? யார் லைனில் என்ன மாடல், யாருக்கு எத்தனை டார்கெட், எந்த ஸ்க்ரூ வழுக்கும் என்று சோறு பொங்கும்போதெல்லாம் பேசியிருக்கிறோம். அவள் என்றைக்கோ சொல்லி, நான் அதை மறந்து, கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டதா? ஒரு யோசனை வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அறைக்கு வந்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

“ஏட்டி, ஒன்னையும் கூப்பிட்டாவளா?” என்றேன்.

“கூப்பிட்டாவ. ஒரே ரூம்ல இருக்கியளேன்னு கேக்காவ. கம்பெனி விஷயம் எதையும் வெளிய சொன்னியான்னு கேக்காவ. ரூம மாத்துனா நல்லதுன்னு சொல்லுதாவ.”

“நீ என்ன சொன்ன?”

“அழுதேன். வேற என்ன சொல்ல?”

அவள் நாங்குநேரிப் பக்கம். அவளுடையது கான்ட்ராக்ட் வேலை. நீ வேண்டாம் என்று கம்பெனி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது இல்லாவிட்டால் எங்களுக்குப் பேசவே ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழம்பில் உப்பு இருக்கா, தண்ணி லாரி வந்ததா, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அக்கா குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்தார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் தோழி சட்டென்று திரும்பி, “இப்பிடியே எத்தனை நாளைக்கு இருக்க? நான் சொன்னனா சொல்லலியான்னு பாத்துருவோம்” என்றாள்.

உட்கார்ந்து யோசித்தோம். அவள் எந்த மாதம் போன் கம்பெனிக்குப் போனாள், நான் எந்த மாதம் அட்டை போட்டேன். எனக்கும் தேதி ஞாபகம் இல்லை, அவளுக்கும் இல்லை. அவள் அதற்கு முன் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருந்தவள். அந்த வேலையில் இருக்கும்போதுதான் இந்த அறைக்கு வந்தாள்.

“நான் வந்த அன்னைக்கு நீ எனக்கு சோறு போட்டியே, எதுலேர்ந்து எடுத்துப் போட்ட?”

“ஹாட்பாக்ஸ்ல இருந்து.”

“எந்த ஹாட்பாக்ஸ்?”

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பரிசாகக் கொடுத்தது. அவள் இந்த அறைக்குள் பையோடு நுழைந்த நாளில் அந்த ஹாட்பாக்ஸ் இருந்திருக்கிறது என்றால், அட்டை அதற்கும் முன்னால். அப்போது அவள் போன் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை.

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மத்தியானமே கிளம்பி வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய் வந்தோம். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. அறையை மாற்றப் போவதில்லை என்று திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் சொன்னாள்.

எனக்கு அதோடு விட்டுப்போகவில்லை. அவள் சொல்லவில்லை, நானே யோசித்ததுதான் என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் அதே குழியும் மொட்டும் அங்கே எப்படி வந்தது? பேட்டன்ட் என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அரசாங்க இணையதளத்தில் கிடக்கிறது என்று எதிலோ படித்தேன். மூன்று நாள் பஸ்ஸில் தேடிக் கண்டுபிடித்தேன்.

தலைப்பைப் பார்த்தால் அது வளையத்தைப் பற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே நீள்சதுரம், அதே இரண்டு குழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். என் அட்டையில் நான் போட்ட அம்புக்குறி இருந்த இடத்திலேயே அவர்களும் அம்புக்குறி போட்டிருந்தார்கள். பதிந்த வருஷத்தைப் பார்த்தேன். நான் அப்போது பாலிடெக்னிக்கில் சேரக்கூட இல்லை.

படித்துக்கொண்டே போனால் எல்லா வரியிலும் ‘செட்’ (said) என்று ஒரு வார்த்தை. செட் பள்ளம், செட் வளையம், செட் குழி. தோழியிடம் காட்டினேன். “சொன்னன்னு அர்த்தமாட்டி? சொன்ன பள்ளமா?” என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மேற்படி! எங்கள் வீட்டு மனைப் பத்திரத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மேற்படி மனை, மேற்படி மனைக்கு வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் நிலம். இதுவும் பத்திரம்தான். கடைசிப் பக்கங்களில் எண் போட்டு எழுதியிருப்பது நான்கெல்லை. அந்த எல்லைக்குள் கால் வைத்தால்தான் தகராறு. அதற்கப்புறம் அந்த இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எல்லைக்கல்லைத் தேடுகிற மாதிரி படித்தேன்.

முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. வேற்று நாட்டுப் பெயர். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆளுக்கும் மூலை துள்ளியிருக்குமா?

இதற்கிடையில் கோர்ட் தடை கொடுத்துவிட்டது. அந்த மாடலை மட்டும் செய்யக் கூடாது. பாதிப் பெண்களை வேறு லைனுக்கு மாற்றினார்கள். பாதிப் பேருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். “ஒன் அட்டையால வந்த வினை” என்று ஒருத்தி விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று நான் தனியாக வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டேன்.

எங்கள் வக்கீல் மறுபடி வந்தார். என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டுமாம். மீட்டிங் அறையில் டிசைன் என்ஜினியரும் இருந்தார். என் அட்டையைக் கண்ணாடிக் காகிதத்துக்குள் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். ஓரத்தில் சாம்பார்க் கறை.

“நான் யாரையும் பாத்து எழுதல சார்” என்றேன்.

“நம்பறேன்மா. அவங்க வக்கீல்கூட நம்பலாம். ஆனா பேட்டன்ட்ல அது கேள்வியே இல்ல. பாத்துச் செஞ்சாலும் தானா தோணிச் செஞ்சாலும் ஒண்ணுதான். யாரு முதல்ல பதிஞ்சாங்களோ அவங்களுக்குத்தான் உரிமை.”

“அப்ப நான் யோசிச்சது?”

“நீங்க யோசிச்சது நிஜம். உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் யோசிச்சதும் நிஜம்.”

“அப்புறம் இந்த அட்டை எதுக்கு சார்?”

“நாம திருடலன்னு காட்டத்தான். ஜெயிக்க இது போதாது. உக்காந்து பேசறதுக்கு உதவும்.”

கையெழுத்துப் போட்டேன். எழுந்து போகச் சொன்னார்கள். கதவுவரை போனவள் திரும்பி, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டுவிட்டேன்.

“சார், அதுல எல்லா இடத்துலயும் மேற்படி குழி, மேற்படி மொட்டுன்னுதானே எழுதியிருக்கு. குழியே இல்லாம வெறும் பள்ளத்துல, நான் முன்னாடி செஞ்ச மாதிரி ட்வீசரால நடுவுல அழுத்துனா அது அவங்க எல்லைக்குள்ள வருமா?”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒரு தரம் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் என்னைப் பார்த்தார்.

“இத நீங்க படிச்சீங்களா?” என்றார் வக்கீல்.

“பஸ்ல படிச்சேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “உக்காருங்கம்மா” என்றார்.

முடிவெடுத்தது நான் இல்லை. கோர்ட்டில் அதைச் சொல்லி, அவர்கள் மறுத்து, இவர்கள் விளக்கி, எப்படியோ குழி இல்லாத அச்சு செய்து வந்தது. வளையமும் மொட்டில்லாத பழைய வளையம். லைன் மறுபடி ஓட ஆரம்பித்தது. நடுவில் அழுத்துவதைப் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுப்பது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. என் கைக்குச் சுளுவாக வந்தது சிலருக்கு வரவே இல்லை. ஒருத்தி ட்வீசரை விரித்துப் பிடித்தே கட்டைவிரல் வீங்கிப்போனாள். முன்பு நாலு நொடியில் முடிந்த வேலை பத்து நொடி ஆனது. நாள் முழுக்க அழுத்திவிட்டுப் போகிறவர்கள் பஸ்ஸில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். என் யோசனை எவ்வளவு அரைகுறையானது, அந்தக் குழி எவ்வளவு முழுமையானது என்று அப்போதுதான் உணர்ந்தேன். எதிர்க் கம்பெனி எதற்காக அதைப் பத்திரம் போட்டுக் காத்தது என்பதும் புரிந்தது. அவர்கள் மேல் இருந்த கோபம் அந்த நாட்களில்தான் குறைந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் சூப்பர்வைசர் வந்து சொன்னார்:

“ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்கமா. நம்ம கேமராவுல இன்னாத்தையோ அவுங்க யூஸ் பண்ணிகினு இருந்தாங்களாம். நாம அவுங்க வளையத்த. நீ கேக்காத, நானும் கேக்கலன்னு கையெழுத்து போட்டுகிட்டாங்க.”

“அப்ப குழி திரும்ப வருமா சார்?”

“அடுத்த வாரம் வருது. சந்தோசமா?”

சந்தோஷம்தான். பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து தோழியிடம் சொன்னால், அவள் கம்பெனியிலும் அதே நாளில் அதே சேதியாம். “ஏட்டி, இனிமே சோறு பொங்கும்போது பேசலாமா?” என்றாள். பேசினோம், அடுப்பு அணையும்வரை.

அந்தப் பெயர் மட்டும் எனக்குள் கிடந்தது. வழக்கு நடக்கும்போது எழுதினால் தப்பு என்று தெரியும். முடிந்துவிட்டதே என்று ஒரு மாதம் பொறுத்துத் தேடினேன். வேலை பார்க்கிறவர்கள் தங்களைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் அந்தப் பெயர் இருந்தது. ஆண். வயதானவர். அந்தக் கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்டார். கம்பெனி பெயர் எதுவும் எழுதாமல், நான் தொழிற்சாலையில் போன் பூட்டுகிற பெண், வளையத்தை நடுவில் முதலில் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று மட்டும் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு இங்கிலீஷ் வரியையும் மூன்று முறை திருத்தினேன்.

பதில் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் ஒரகடம் சிக்னலில் பஸ் நிற்கும்போது வந்தது.

என் பெயரில் நிறைய பேட்டன்ட்கள் இருக்கின்றன, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பேர் கோர்ட்டுக்குப் போன சாமானை அவருக்கு ஞாபகமே இல்லை. பேட்டன்ட்டின் படத்தை அனுப்பி, உங்களுக்கும் மூலை துள்ளியதா என்று கேட்டேன். அரைமணியில் பதில் வந்தது.

ஓ, இதுவா. மூலை துள்ளுவதைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அதைக் கையால் மாட்டியதே இல்லை. எங்களுக்கு இருந்த தொல்லை வேறு. சத்தம் அதிகமாக வைத்தால் வளையத்தின் நீளப் பக்கம் நடுவில் அதிரும், ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வரும். அதிராமல் இருக்கத்தான் நடுவில் பிடித்து நிறுத்தினேன். அது மாட்டுவதற்கும் சுலபமாக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நன்றி.

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவருக்குத் துள்ளவே இல்லை. எனக்கு அதிர்ந்ததே கேட்கவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் கையை வைத்திருக்கிறோம்.

மறுநாள் டீ இடைவேளையில், குழி இல்லாமல் செய்த போன்களில் ரீவொர்க்குக்கு வந்து மீந்திருந்த ஆறை எடுத்துக்கொண்டு, ஒலி சோதிக்கும் பெண்ணிடம் போனேன். சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெஷின்தான் கேட்கும், மனுஷக் காது கேட்பதில்லை. “கதவத் திறந்து வச்சு, சத்தத்த முழுசா ஏத்து” என்றேன்.

“மெஷின்ல பாஸ்னுதான் காட்டுது, பின்ன எதுக்கு?” என்றாள்.

“சும்மா, கேட்டுப் பாப்போம்.”

முதல் இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நாலாவது போனில், கனத்த ஒலி வந்தபோது, அதன் அடியில் ஈ பறக்கிற மாதிரி மெல்லிய ஒரு ரீங்காரம். நான் விரல் நுனியால் ஸ்பீக்கர் வாய்க்கு நடுவில் அழுத்தினேன், நின்றது. எடுத்தேன், வந்தது. அவள் தொப்பியைக் காதுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள்.

“ஆமாக்கா, கேக்குது” என்றாள். “இன்னொரு தடவ வையுங்க.”